மந்திரிக்கு இணையா, துணையா?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அங்கிருந்து கடலோரச் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பினால் திருவிடந்தை வரும். நாள்தோறும் கல்யாணக் கோலத்தில் நிற்கும் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஊர். விவாகம் தடைப்பட்டவர்கள் மாலையும் கையுமாக வந்து வலம் சுற்றும் அந்த ஊரில், 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 11 முதல் 14 வரை நான்கு நாட்கள் பீரங்கிகளும் டாங்கிகளும் வந்து குடியிருந்தன. பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி! கடைசி நாள் சித்திரைப் பிறப்பு. பொது ஜனங்களையும் உள்ளே விட்டார்கள். நாமும் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போயிருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு மாணவன் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான்: "ஸார், பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் என்று போட்டிருக்கிறது. இணை அமைச்சர் சுபாஷ் பாம்ரே என்றும் போட்டிருக்கிறது. இணை என்றால் சமம்தானே? பெரிய அமைச்சர் ஊரில் இல்லாத நாளில் சண்டை வந்துவிட்டால், இவர் உத்தரவு போடலாமா?"

கேள்வி எளியது, பதில் அத்தனை எளியதல்ல. வீட்டுக்கு வந்து அரசியல் சட்டத்தையும் சில பழைய வழக்குகளையும் புரட்டிய பிறகே நமக்கே விஷயம் தெளிந்தது. அதை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தகப்பனார் காலத்துப் பத்திரிகைகள் 'ராஜாங்க மந்திரி' என்று எழுதின. அவருக்கும் கீழே 'உப மந்திரி' ஒருவர் இருந்தார். பிற்பாடு வந்த தமிழ், முன்னவரை 'இணை அமைச்சர்' என்றும் பின்னவரைத் 'துணை அமைச்சர்' என்றும் ஆக்கிற்று. அழகான சொற்கள்தான், ஆனால் 'இணை' என்ற சொல் பையனை ஏமாற்றிவிட்டது. இரட்டை மாடுகள் ஒரு நுகத்தில் பூட்டப்பட்டது போல இருவரும் சமம் என்று அவன் எண்ணினான். சட்டமோ நுகத்தை ஒரே கழுத்தில்தான் வைத்திருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 53-ஆவது ஷரத்து, படைகளின் தலைமை அதிகாரம் ராஷ்டிரபதியிடம் இருப்பதாகவும், அதைச் சட்டத்துக்கு உட்பட்டே நடத்த வேண்டும் என்றும் கூறுகிறது. 74-ஆவது ஷரத்து, அவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்கிறது. பிரதம மந்திரி சொல்லும் பேர்களை ராஷ்டிரபதி மந்திரிகளாக நியமிக்கிறார். எல்லோரும் சேர்ந்து மக்கள் சபைக்குப் பொறுப்பாளிகள் என்பது 75-ஆவது ஷரத்து. இவ்வளவு தூரத்தில் பெரிய மந்திரி, சின்ன மந்திரி என்ற பேச்சே இல்லை. எல்லோரும் மந்திரிகள், எல்லோருக்கும் ஒரே பிரமாணம், ஒரே ரகசியக் காப்பு.

1952-ஆம் ஆண்டின் மந்திரிகள் சம்பளச் சட்டமும், எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் மந்திரிசபையில் இருப்பவர் மந்திரியே, உப மந்திரியும் அதில் அடக்கம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் படிக்குப் படி வேற்றுமை காட்டும் இடம் எது தெரியுமா? வந்தவர்க்கு விருந்து வைப்பதற்கான படித்தொகைதான்! காபினெட் மந்திரிக்கு ஒரு தொகை, ராஜாங்க மந்திரிக்கு அதிற் குறைந்த தொகை, உப மந்திரிக்கு இன்னும் குறைவு. விருந்தாளியும் பதவியைப் பார்த்துத்தான் வருகிறான் போலும்.

ஆனால் அரசியல் சட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடம் யுத்தத்தைப் பற்றியது என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. யுத்தம், அந்நியர் படையெடுப்பு, ஆயுதக் கிளர்ச்சி ஆகியவற்றை முன்னிட்டு நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்வது 352-ஆவது ஷரத்து. 1975-இல் நடந்ததைக் கண்டபின், 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அதில் ஒரு பூட்டைப் போட்டது. காபினெட்டின் முடிவு எழுத்து மூலமாக வந்தாலன்றி ராஷ்டிரபதி பிரகடனம் செய்யலாகாது. காபினெட் என்றால் பிரதமரும் காபினெட் அந்தஸ்துள்ள மந்திரிகளும் மட்டுமே என்று அங்கேயே விளக்கமும் எழுதினார்கள். ஆகவே, நாடு யுத்தத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டும் அந்த மேஜையில் பாதுகாப்பு ராஜாங்க மந்திரிக்கு நாற்காலி கிடையாது.

அப்படியானால் அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 77-ஆவது ஷரத்தின் கீழ் 1961 ஜனவரியில் வெளியிடப்பட்ட இரண்டு விதித் தொகுப்புகளிலிருந்து வருகிறது. காரியங்களை மந்திரிகளுக்குள் பங்கிடும் விதிகள் ஒன்று. காரியங்களை நடத்தும் விதிகள் மற்றொன்று. முதல் தொகுப்பின் 4-ஆவது விதிப்படி, பிரதமரின் யோசனையின் பேரில் ராஷ்டிரபதி ஓர் இலாகாவை ஒரு மந்திரியின் பொறுப்பில் விடுகிறார். அந்த மந்திரியோடு இன்னொரு மந்திரியையோ உப மந்திரியையோ சேர்த்து வைக்கலாம். அவர் தமக்கென்று குறிப்பாக ஒதுக்கப்பட்ட அலுவல்களைச் செய்வார். இரண்டாம் தொகுப்பின் 3-ஆவது விதியோ, இலாகாவின் எல்லாக் காரியங்களும் பொறுப்பு மந்திரியினால், அல்லது அவருடைய பொதுவான அல்லது தனிப்பட்ட உத்தரவின் கீழ், முடிக்கப்பட வேண்டும் என்கிறது.

விஷயமெல்லாம் இந்த இரண்டு விதிகளில் அடங்கிவிட்டது. ஒதுக்கினால் உண்டு, ஒதுக்காவிட்டால் இல்லை. தனிப் பொறுப்புடன் நியமிக்கப்பட்ட ராஜாங்க மந்திரியின் நிலை வேறு. அவரே பொறுப்பு மந்திரி. காபினெட் மந்திரி ஒருவரின் கீழ் இருப்பவருக்கு அந்த மேலவர் எழுதிக் கொடுப்பதே சீட்டு.

பெயரால் அதிகாரம் பிறப்பதில்லை என்பதை சுப்ரீம் கோர்ட்டே ஒரு வேடிக்கையான வழக்கில் சொல்லியிருக்கிறது. 1989-இல் தேவிலால் பதவிப் பிரமாணம் எடுக்கும்போது தம்மை 'உப பிரதம மந்திரி' என்று சொல்லிக்கொண்டார். அரசியல் சட்டத்தில் இல்லாத பதவிக்குப் பிரமாணம் செல்லுமா என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். உப பிரதமர் என்பது வெறும் வருணனை. மந்திரி என்ற அளவில் பிரமாணம் செல்லும். பிரதமரின் அதிகாரம் எதுவும் அதனால் வந்துவிடாது என்று தீர்ப்பாயிற்று. உப பிரதமருக்கே இப்படியென்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்?

மாணவனின் கேள்விக்கு வருவோம். மேலவர் இல்லாத நாளில் கீழவர் தாமாகவே அந்த இடத்துக்கு வருவாரா? நம் தேசத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அனுபவமும் அதையே காட்டுகிறது. தஞ்சை ஜில்லாக்காரரான என். கோபாலசுவாமி ஐயங்கார் 1953 பிப்ரவரியில் பாதுகாப்பு மந்திரியாக இருக்கும்போதே காலமானார். சுர்ஜித் சிங் மஜீதியா உப மந்திரியாக இருந்தார். ஆனால் இலாகாவை எடுத்துக்கொண்டவர் நேரு. 1962 அக்டோபர் கடைசியில், சீன யுத்தத்தின் நடுவே கிருஷ்ண மேனனிடமிருந்து இலாகா போயிற்று. அப்போதும் நேருவே வாங்கி வைத்திருந்து, நவம்பரில் ஒய். பி. சவாணிடம் கொடுத்தார். 2017 மார்ச்சில் மனோகர் பாரிக்கர் கோவாவுக்கு முதல் மந்திரியாகப் போனார். ராஜாங்க மந்திரி பாம்ரே அங்கேயே இருந்தார். இலாகாவோ நிதி மந்திரி அருண் ஜேட்லியின் கைக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பாதுகாப்பு உப காரியதரிசி என்பது 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்த பதவி. செனட் சபை சம்மதித்தாலன்றி நியமனம் இல்லை. படைகளில் அதிகாரியாக இருந்தவர் பணியை விட்டு ஏழு ஆண்டுகள் ஆகாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. தலைவர் இறந்தாலோ செயலற்றுப் போனாலோ அவருடைய அதிகாரம் சட்டப்படியே உப காரியதரிசிக்கு வந்துவிடும். இவ்வளவு கச்சிதமாக எழுதி வைத்தும் 2024 ஜனவரியில் என்ன நடந்தது? காரியதரிசி லாயிட் ஆஸ்டின் முதல் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். உப காரியதரிசி காத்லீன் ஹிக்ஸ் விடுமுறையில் போர்ட்டோ ரீகோ தீவில் இருந்தார். இரண்டாம் தேதி அதிகாரம் அவர் கைக்கு மாற்றப்பட்டது, காரணம் சொல்லப்படவில்லை. தலைவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது நான்காம் தேதி. ஜனாதிபதிக்கும் அன்றுதான் தெரிந்தது! சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆள் வந்து சொல்ல மறந்துவிட்டான்.

அக்கரையில் இலங்கையைப் பார்த்தால் மூன்றாவது விதமான காட்சி. அங்கே ஜனாதிபதியே பாதுகாப்பு இலாகாவைத் தம்மிடம் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆகையால் சில சமயம் உப மந்திரியே நடைமுறையில் முழு மந்திரியாகிறார். சந்திரிகா குமாரதுங்கா ஜனாதிபதியாக இருந்தபோது உப பாதுகாப்பு மந்திரியாக இருந்த அனுருத்த ரத்வத்தை 1995-இல் யாழ்ப்பாணத்தின் மீது நடந்த படையெடுப்பை நடத்தியதை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை. வேறு சில சமயம் அந்தப் பதவி வெறும் நிழலாகிவிடுகிறது. 2019 ஏப்ரல் 21-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தபோது ஜனாதிபதி சிறிசேனா சிங்கப்பூரில் இருந்தார். ராஜாங்க மந்திரி ருவன் விஜேவர்தன ஊரில் இருந்தார். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு நஷ்டஈடு விதித்தபோது சிறிசேனாவுக்குப் பத்துக் கோடி ரூபாய், பாதுகாப்புக் காரியதரிசிக்கு ஐந்து கோடி. போலீஸ், உளவுத்துறைத் தலைவர்கள் மூவர் மீதும் தொகை விழுந்தது. அந்த ஐவரில் ராஜாங்க மந்திரி இல்லை. அதிகாரம் இல்லாதவனுக்குத் தண்டனையும் இல்லை என்று திருப்திப்படுவதா, அப்படியானால் அவர் எதற்கு என்று கேட்பதா?

எதற்கு என்ற கேள்விக்கு நம் நாட்டில் பதில் உண்டு. பார்லிமெண்டில் இலாகாவின் சார்பாகக் கேள்விகளுக்கு விடை சொல்வது பெரும்பாலும் இவர் தலையில் விழுகிறது. சபை விதிகளிலும் மந்திரி என்ற சொல் இவரையும் குறிக்கும். கமிட்டிகளுக்குத் தலைமை வகிப்பது உண்டு. 1951-இல் வடகிழக்கு எல்லையின் காவலை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், அப்போது உப மந்திரியாக இருந்த மேஜர் ஜெனரல் ஹிமத்சிங்ஜி. அமெரிக்கச் சட்டம் எளிதில் ஒப்பாத படைவீரரை நம் சட்டம் தடையின்றி ஏற்றுக்கொண்டது. எல்லைக் காவல்களைப் போய்ப் பார்ப்பதும் இவர்களுடைய அலுவலாகிவிட்டது. அதில் உயிரையே கொடுத்த ஒருவர் நம்மவர்.

என். வி. என். சோமு தி.மு.கழகத்தின் ஐம்பெரும் தலைவர்களுள் ஒருவரான என். வி. நடராசனின் புதல்வர். 1996-இல் வட சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்று, பாதுகாப்பு ராஜாங்க மந்திரியானார். முலாயம் சிங் யாதவ் காபினெட் மந்திரி. 1997 நவம்பர் 14-ஆம் தேதி, அருணாசலப் பிரதேசத்தில் தவாங் அருகே அவர் சென்ற ஹெலிகாப்டர் மலையில் விழுந்தது. மேஜர் ஜெனரல் ரமேஷ் நாக்பாலும் மற்றவர்களும் அவருடன் மாண்டனர். எந்தச் சட்டமும் எந்த விதியும் ராஜாங்க மந்திரி அந்தப் பனிமலைக்குப் போயே ஆகவேண்டும் என்று கூறவில்லை. பட்டாளத்துப் பையன்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே சர்க்கார் ஒருமுறையாவது போய் நிற்க வேண்டும் என்பது எழுதாத விதி. அதற்கு அவர் கட்டுப்பட்டார்.

பொறுப்பைப் பற்றி நம் ஜில்லாவுக்கே ஒரு பாடம் உண்டு, இலாகாதான் வேறு. செங்கற்பட்டுத் தொகுதியின் பிரதிநிதியாக 1952-இல் டில்லிக்குப் போன ஓ. வி. அழகேசன் ரயில்வே உப மந்திரி. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் அருகே ரயில் ஆற்றில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ராஜிநாமாச் செய்தவர் பொறுப்பு மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. ஆனால் நம் ஊர்ச் சுவர்களிலும் மேடைகளிலும் அடிபட்ட பெயர் அழகேசனுடையது. சட்டத்தின் கண்ணுக்கு மேலவர் தெரிந்தார். ஜனங்களின் கண்ணுக்குத் தங்கள் மனிதர் தெரிந்தார்.

2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரம் விமான தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. பாம்ரே பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. பார்லிமெண்டில் எழுந்து பதில் சொன்னவர் பாரிக்கரே. அது சரியான முறை என்பது நம் அபிப்பிராயம். கடலடியில், சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரத்தில், அந்த விமானத்தின் சிதைவுகள் 2024 ஜனவரியில்தான் அடையாளம் காணப்பட்டன. ஏழரை ஆண்டுகள்! அதற்குள் மந்திரிகள் பலர் மாறிவிட்டார்கள். இலாகாவின் கதவைத் தட்டிய குடும்பத்தாருக்கு, எந்த மந்திரியின் மேஜையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? ராஜாங்க மந்திரிக்கு மேலவர் ஒதுக்கித் தரும் அலுவல்களின் பட்டியல் சாதாரண ஜனங்களின் கண்ணில் படுவது அரிது. ராணுவ ரகசியங்களை யாரும் கேட்கவில்லை. பென்ஷன், முன்னாள் வீரர் நலன், கண்டோன்மெண்ட் நிலம் போன்ற விஷயங்களில் கையெழுத்து யாருடையது என்பதை வெளியிடுவதால் எந்த எதிரிக்கும் லாபமில்லை.

இதையெல்லாம் அப்போது அறியாத நாம், பஸ்ஸில் அந்த மாணவனுக்குச் சுருக்கமாகச் சொன்னோம்: "பெரிய மந்திரி எழுதிக் கொடுத்திருந்தால் இவர் கையெழுத்துச் செல்லும், இல்லையென்றால் செல்லாது."

அவன் விடவில்லை. "எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்று நாம் எப்படி ஸார் தெரிந்துகொள்வது?"

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. ஜன்னலோரம் நுங்குக்காரி வந்துவிட்டாள். பையன்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவன் மட்டும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.