மடுவும் மண்டபமும்: தாடிக்கொம்புக் கோயிலமைப்பில் அர்ச்சாவதாரத் தத்துவம்

எம்பெருமானுடைய பரம், வ்யூகம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளையும் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் தண்ணீரை த்ருஷ்டாந்தமாக்கி விளக்கியருளினார். விடாய்த்தவன் ஒருவன் நிற்கிறான். அவன் காலின்கீழே நீர் உண்டு. ஆனால் தோண்டுதற்குக் கருவி வேண்டும். அந்தர்யாமித்வம் அத்தகையது. அண்டத்துக்குப் புறம்பே சூழ்ந்த நீர் பரத்வம். அது அவனுக்கு எட்டாது. பாற்கடலாகிய வ்யூகம் அண்டத்துக்குள்ளே இருந்தும் அவன் செல்லக்கூடிய இடமன்று. விபவம் ஒரு காலத்தில் பெருகி ஓடிப்போன வெள்ளம். அன்று கரையிலிருந்தவர் பருகினர், பிற்பட்டவருக்கு அது வாய்க்கவில்லை. அந்த வெள்ளம் வற்றிய பின்னும் பள்ளங்களில் தேங்கி நின்று, வந்தவர் எவராயினும் குனிந்து அள்ளிக்கொள்ள உதவும் மடுவே அர்ச்சாவதாரம்.

இந்த த்ருஷ்டாந்தத்தின் ஆழத்தை அறிவதற்குத் திண்டுக்கல் சமவெளி ஏற்ற நிலம். கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் தோன்றிக் கரூர்ப் பகுதியில் அமராவதியோடு கலக்கும் குடகனாறு, மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகக் கிடப்பது. கிணறு தோண்டினால் பாறை தட்டும் ஊர்கள் இங்கே பல. பூமிக்குள் நீர் உண்டென்னும் அறிவு மட்டும் தாகத்தைத் தீர்க்காது என்பதை இந்நிலத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அந்தக் குடகனாற்றங்கரையில், திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் செல்லும் வழியில், தாடிக்கொம்பில் ஸௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இத்தலம் நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் எண்ணப்படுவதன்று. எனினும் விசயநகர, நாயக்கர் காலச் சிற்பப்பணியின் சிறப்பால் தென்னாட்டில் புகழ்பெற்றது.

த்ருஷ்டாந்தம் ஓர் அர்த்தத்தை விளக்குவதோடு நின்றுவிடுமா, அன்றி ஒரு கோயில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோயிலமைப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுண்டு. கோயில் ஒரு சரீரம். கோபுரம் திருவடி, கருவறை உள்ளுறையும் ஆத்மஸ்தானம். புறத்திலிருந்து உள்ளே செல்வது ஸ்தூலத்திலிருந்து ஸூக்ஷ்மத்துக்குச் செல்வது என்பர். இவ்விளக்கம் அழகியதே. ஆயினும் இதை முற்ற முடிந்ததாகக் கொண்டால், கருவறை அந்தர்யாமியின் குறியீடாக மட்டும் நின்றுவிடும். அந்தர்யாமியை அநுபவிப்பவனுக்குக் கல்லும் கதவும் எதற்கு? அவன் கண்ணை மூடினாலே போதும்.

லோகாசார்யருடைய முறையில் நோக்கினால் விடை வேறாகிறது. ஐந்து நிலைகளுள் வீடு கட்டித் தரும்படி மநுஷ்யரை எதிர்பார்ப்பது அர்ச்சை ஒன்றே. பரத்துக்குப் பரமபதம் உண்டு. வ்யூகத்துக்குப் பாற்கடல் உண்டு. விபவம் தன் காரியம் முடிந்தவாறே தன்னடிச்சோதிக்கு எழுந்தருளிற்று. அந்தர்யாமிக்கு ஹ்ருதயம் உண்டு. அர்ச்சாவதாரத்திலேயோ ஸர்வேச்வரன் ஸ்நாநம், போஜநம், சயநம் அனைத்துக்கும் அர்ச்சகனைப் பார்த்திருக்கும்படி தன்னை அமைத்துக்கொள்கிறான். ஆகவே மடைப்பள்ளியும், திருமஞ்சனக் கிணறும், பள்ளியறையும், வாகன மண்டபமும், வீதி புறப்பாட்டுக்கு அகன்ற வாசலும் அந்தப் பாரதந்த்ர்யத்திலிருந்து பிறக்கின்றன. கோயிலின் வரைபடம் அவனுடைய ஸௌலப்யத்தின் வரைபடமே என்றால் மிகையன்று.

இனித் தாடிக்கொம்பின் அரங்க மண்டபத்தை நோக்கலாம். அங்கே தூண்களோடு ஒன்றாக வடிக்கப்பட்ட பெருஞ்சிற்பங்கள் நிற்கின்றன. அரவணைமேல் வீற்றிருக்கும் வைகுண்டநாதன், வானளாவத் திருவடி தூக்கிய உலகளந்தான், இரணியனைப் பிளக்கும் நரசிங்கன், கருடன்மேல் விரையும் பெருமாள், குழலூதும் கண்ணன் ஆகியோர் அவற்றுள் சிலர். காண்பவன் அண்ணாந்தே காண வேண்டும். அச்செயல்கள் அனைத்தும் ஒருகாலத்தில் நிகழ்ந்து முடிந்தவை. கல்லில் அவற்றின் வேகம் மட்டும் உறைந்து நிற்கிறது. இது பெருக்காறு. அதைக் கடந்து ஸந்நிதியை அடைந்தால் வெளிச்சம் குறைகிறது, இடம் ஒடுங்குகிறது, சிற்ப வேலைப்பாடு அடங்குகிறது. ஒரு விளக்கொளியில் பெருமாள் ஸேவை ஸாதிக்கிறார். தீர்த்தமும் துளஸியும் கிடைப்பது இங்கே; தூணிலுள்ள வைகுண்டநாதனிடம் அவை கிடைப்பதில்லை. பெரியதிலிருந்து நெருங்கியதற்கு, கண்டு வியப்பதிலிருந்து பெற்று உய்வதற்குக் கட்டடம் ஒருவனை நடத்திச் செல்கிறது. இது மடு.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். சிற்பிகள் ஸ்ரீவசநபூஷணத்தைக் கையில் வைத்துக்கொண்டு செதுக்கினார்களா? அம்மண்டபத்திலேயே ஊர்த்துவ தாண்டவச் சிற்பமும் இருக்கிறதே. அது ஐந்து நிலைகளுள் எதில் சேரும்? ஆக்ஷேபம் நியாயமானதே. தூண்களின் வரிசை தத்துவ வரிசை அன்று. அக்காலத்துப் பெருமண்டபங்களில் இத்தகைய சிற்பங்கள் கலந்தே அமைந்தன. இங்கே சொல்லப்படுவது சிற்பியின் கருத்து அன்று. ஆகம வழிவந்த கோயிலில் மண்டபத்துக்கும் கருவறைக்கும் உள்ள தொடர்பு ஆசார்யருடைய விளக்கத்தோடு பொருந்துகிறது என்பதே. மண்டபச் சிற்பம் எதுவாயினும் அது காட்சி; ஸந்நிதியில் இருப்பது உறவு.

திருக்கோஷ்டியூரை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். அங்கே அஷ்டாங்க விமானத்தில் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. தரைநிலையில் ஆடும் கண்ணன், அதன்மேல் கிடந்த திருக்கோலம், அதற்குமேல் நின்ற திருக்கோலம், உச்சியில் வீற்றிருக்கும் பரமபதநாதன். பரத்வத்தைக் காணப் படியேற வேண்டும். கண்ணனைக் காணத் தரையில் நின்றாலே போதும். திருக்கோஷ்டியூர் செங்குத்தாகச் சொன்னதைத் தாடிக்கொம்பு கிடைமட்டமாகச் சொல்லுகிறது. இரண்டிலும் எளியவனுக்கு எட்டுமிடத்தில் எளியவனாகவே அவன் நிற்கிறான்.

இவ்விளக்கத்துக்கு லோகாசார்யருடைய திருவாழ்க்கையே ஸாக்ஷி. 14ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்துக்கு அந்நியப் படையெடுப்பால் ஆபத்து நேர்ந்தபோது, அவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே வந்து, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். ஏழு திருச்சுற்றுகளும் பின்னே நின்றன. பெருமாள் மட்டும் உடன் எழுந்தருளினார். மதிலுக்காகப் பெருமாள் அல்லர், பெருமாளுக்காகவே மதில் என்பதை அவர் எழுத்தால் மட்டுமன்றி அநுஷ்டானத்தாலும் காட்டியருளினார்.

இதனால் இற்றை நாளுக்கு ஒரு பயன் உண்டு. திருப்பணி என்னும்போது கற்கள் காக்கப்படுகின்றன. ஆனால் கற்களுக்கு இடையிலுள்ள முறை காக்கப்படுகிறதா என்பது கேட்கப்படுவதில்லை. கருவறை வாசல்வரை மின்விளக்குகள் பளிச்சிட்டால் மண்டபத்துக்கும் ஸந்நிதிக்கும் வேறுபாடு தோன்றாது. வரிசைக்கான இரும்புக் கம்பிகள் தூண்களை மறைத்தால் ஒருவன் பெருக்காற்றைக் காணாமலே மடுவுக்கு வந்து சேர்கிறான். மடைப்பள்ளி பண்டகசாலையாகி, தளிகை வேறிடத்திலிருந்து வந்தால், பெருமாள் தம்மை ஒப்படைத்த அந்த வீடு வீடாக இராது. இவற்றுள் எதுவும் சிற்பத்தைச் சிதைப்பதன்று. ஆயினும் கோயில் சொல்லவந்த வார்த்தை மங்கிவிடுகிறது.

ஆகவே திருப்பணி செய்வார் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே கேள்வியால் சோதித்துக்கொள்ளலாம்: இது விடாய்த்து வந்தவனை நீரின் அருகே கொண்டுவருகிறதா, கரையிலேயே நிறுத்திவிடுகிறதா? ஆழ்வார்களின் பாசுரம் பெற்றிலாத ஊர்களிலும் அவன் எழுந்தருளியிருப்பது அந்த விடாயைக் கருதியே. ஆறு வற்றும் நாட்டில் மடுவின் கரையைக் காப்பது கைங்கர்யம்.