காமாலைக் கிருமியின் கவசம்

மஞ்சட்காமாலை என்றதும் நம்மவர் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது கீழாநெல்லி. ஊரில் இருந்தவரை கொல்லையில் பறித்து அரைத்து, மோரில் கலந்து கொடுத்தோம். பிழைப்பை நாடி வடநாட்டு நகரங்களுக்கு வந்த பின்னரும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. ஆனால் காமாலை என்பது ஒரே நோயன்று. பல நோய்கள் காட்டும் பொதுவானதோர் அடையாளம். அவற்றுள் ஒன்று தில்லி மாநகரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. அந்நோயை விளைவிக்கும் வைரஸ் எத்தகைய கவசத்தை அணிந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால், நம் வீட்டுக் குடிநீரைப் பற்றியும் ஓர் உண்மை விளங்கும்.

1955-ஆம் ஆண்டில் யமுனையில் வெள்ளம் பெருகி வடிந்தபின், ஆறு தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டது. நகருக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் துறையைவிட்டு நீரோட்டம் விலகியது. அதற்குச் சற்றுக் கீழே ஆற்றில் விழுந்த நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர், நவம்பர் மாதத்தில் பின்னோக்கி ஏறி, நீர் எடுக்கும் இடத்தையே அடைந்தது. நிலைமையை உணர்ந்தவர்கள் நீரில் கலக்கும் குளோரினின் அளவைக் கூட்டினர். டைபாய்டு முதலிய நோய்கள் பெருகவில்லை. ஆபத்து நீங்கியது என்றே தோன்றிற்று. ஆனால் சில வாரங்கள் சென்றதும், டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் நகரெங்கும் காமாலை பரவியது. ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண்களும் மேனியும் மஞ்சளாயின. பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர். ஆனால் நோயுற்ற கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழந்தார்.

பாக்டீரியாக்களை அழித்த குளோரின் இந்த வைரஸை அழிக்கத் தவறியது ஏன்? கழிவு கலந்த நீரில் இடும் குளோரினின் பெரும்பகுதியை அக்கழிவே விழுங்கிவிடுகிறது. எஞ்சிய சிறு அளவு பாக்டீரியாக்களுக்குப் போதும். உறுதியான உறை அணிந்த வைரஸுக்குப் போதாது. அந்த உறையே நாம் இங்குக் கூறவந்த பொருள். விஞ்ஞானிகள் அதனைக் காப்ஸிட் என்பர். பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

பெட்டிக்குள் இருப்பது ஆர்.என்.ஏ. என்னும் இழை. வைரஸின் பரம்பரைச் செய்தி முழுவதும் அதில் ஏறத்தாழ 7,200 எழுத்துகளில் அடங்கியிருக்கிறது. இவ்வளவு சிறிய ஏட்டில் பலவகை உறுப்புகளுக்கு வரைபடம் எழுத இடமில்லை. ஆகவே இயற்கை ஒரு சிக்கனத்தைக் கையாண்டிருக்கிறது. ஒரே புரதத்தை மட்டும் படைத்து, ஒரே அச்சில் வார்த்த செங்கற்களைப் போல அதன் 180 படிகளை அடுக்கி, உருண்டையானதொரு கூட்டைக் கட்டிவிடுகிறது. அப்புரதம் 660 அமினோ அமிலங்களால் ஆனது. கட்டி முடித்த கூடோ, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரம் கூடுகளை வரிசையாக வைக்கத்தக்க அளவு சிறியது.

செங்கல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதிகள் உண்டு. முதற்பகுதி அடுத்துள்ள செங்கற்களோடு இறுகப் பிணைந்து ஓடாகிறது. இரண்டாவது அதன்மேல் அமைந்து கட்டுக்கு உறுதி தருகிறது. மூன்றாவது வெளியே துருத்தி நிற்கும் முனை. அடுத்தடுத்த இரு முனைகள் சேர்ந்து ஒரு முகடாகின்றன. வைரஸ் நம் உயிரணுவைத் தொட்டுப் பற்றுவதில் இம்முகடே முதன்மையானது. இவ்வைரஸின் புரதம் தானே அடுக்கிக்கொண்ட, 60 செங்கற்களால் ஆன சிறு கூடுகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, இவ்வமைப்பை 2009-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

மற்றொரு விந்தையும் உண்டு. நோயாளியின் இரத்தத்தில் உலவும்போது இவ்வைரஸ் கூட்டின்மேல் கொழுப்பாலான மெல்லிய சவ்வொன்றைப் போர்த்திக்கொள்கிறது. கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியே குடலை அடையும்போது, பித்தம் அச்சவ்வைக் கரைத்துவிடுகிறது. மலத்தோடு வெளிப்படுவது புரதக் கூடு மட்டுமே. சாக்கடையிலும் ஆற்றிலும் கிடந்து, பின் நம் இரைப்பையின் அமிலத்தையும் கடந்து செல்லும் ஆற்றல் அக்கூட்டுக்கு உண்டு.

தில்லியில் பரவியது எந்த வைரஸ் என்பது நெடுநாள் விளங்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ என்றே பலரும் கருதினர். பாதுகாத்து வைத்திருந்த அக்கால நோயாளிகளின் குருதி நீரைச் சோதித்து, அது ஹெபடைடிஸ் ஏ அன்று என 1980-இல் அறிவித்தனர். காஷ்மீரில் 1978-இல் பரவிய நோயை ஆராய்ந்த மருத்துவர் குரூவும் அதே ஆண்டில் இம்முடிவுக்கே வந்தார். 1983-இல் சோவியத் விஞ்ஞானி பாலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே பருகி, தாமே நோயுற்று, தம் மலத்தில் அவ்வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டார். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் ஈ.

வைரஸைக் காக்கும் கவசமே அதனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் அந்த முகட்டையே குறிவைத்துப் பற்றுகின்றன. குருதியில் அவ்வெதிர்ப்பொருள்களைத் தேடியே மருத்துவர் நோயை இன்னதென்று அறிகிறார். இப்புரதத்தின் ஒரு பகுதியை மட்டும் பாக்டீரியாக்களில் விளைவித்துச் சீன விஞ்ஞானிகள் ஒரு தடுப்பூசியைச் செய்தனர். உள்ளே ஆர்.என்.ஏ. இல்லாமையால் அது நோயை உண்டாக்காது. பகைவனின் சட்டையை மட்டும் காட்டி உடலைப் பழக்குகிறது. சீனாவில் 2011-இல் அதற்கு உரிமம் கிடைத்தது. தென் சூடானின் பென்டியு முகாமில் நோய் பரவியபோது, 2022-இல் கர்ப்பிணிகள் உட்பட மக்களுக்கு அதனை இட்டனர். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெறவில்லை.

ஆகவே நம்முடைய கவசம் நம் அடுப்பில்தான் இருக்கிறது. நீர் தெளிவாக இருக்கிறது என்பதோ, குளோரின் மணக்கிறது என்பதோ போதிய சான்றாகாது. நன்றாகக் கொதித்துப் பொங்கிய நீரின் வெப்பத்தில் புரதக் கூடு சிதைந்துவிடுகிறது. அந்நீரை மூடிய பாத்திரத்திலேயே ஆறவைத்து, கைபடாமல் மொண்டு பருக வேண்டும். வெள்ளம் வடிந்த காலத்திலும், குழாய்நீர் கலங்கிய காலத்திலும் இதில் இருமடங்கு கண்டிப்பு வேண்டும்.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்ல இயலாமல், தொலைநகரில் கணவனோடு தனித்திருக்கும் பெண்கள் நம்மிடையே பலர். அருகில் இருந்து எச்சரிக்கத் தாயோ மாமியாரோ இல்லாத இல்லங்கள் அவை. அவ்வில்லங்களில் கர்ப்பிணியின் கண் மஞ்சளானால், கீழாநெல்லியை நம்பி ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அண்டை வீட்டில் அத்தகைய பெண்ணொருத்தி இருந்தால், இச்செய்தியை அவளுக்குச் சொல்லவேண்டியவர் நாமே.