ஆற்காட்டுக்கு ஒரு டிக்கெட்... ரயிலில் ஒரு நாள், இரண்டு கோட்டைகள்!

“மனசுல பெரிய ஆற்காட்டு நவாப்னு நினைப்பு!”

சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு, போனும் கையுமாக சோபாவில் சாயும் பிள்ளையைப் பார்த்து அம்மாக்கள் இன்றைக்கும் சொல்லும் டயலாக் இது. திட்டு வாங்கிய பிள்ளை, “ஆற்காடு எங்கேம்மா இருக்கு? அங்க நவாப் இன்னும் இருக்காரா?” என்று திருப்பிக் கேட்டால், பல வீடுகளில் சட்டென்று பதில் வராது.

சென்னையில் இருந்து ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரம்தான். பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிற ரயில்கள் தினமும் வாலாஜா ரோடு ஸ்டேஷனைக் கடந்துதான் போகின்றன. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள்கூட அங்கே தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, காலையில் அங்கே இறங்கி, ஆற்காட்டையும் வேலூர்க் கோட்டையையும் பார்த்துவிட்டு, மாலையில் காட்பாடியில் ரயிலேறி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நடுவில் ஒரு பெரிய கதை காத்திருக்கிறது.

ரயில் பாதையே முதல் நினைவுச்சின்னம்

ரயிலில் கூட்டமாக ஏறி, ஒருவர் வழிகாட்ட, ஊர் பார்த்துவிட்டு அன்றே திரும்புவது என்பது புதிய பழக்கம் அல்ல. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரில் இருந்து லாஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அவர் பெயரில் பிறகு வளர்ந்த சுற்றுலா நிறுவனத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இன்று டெல்லியில் காலையில் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறி, தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் திரும்புகிறவர்கள் ஏராளம்.

தாமஸ் குக்கின் அந்தப் பயணத்துக்கு 15 ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. ராயபுரத்தில் தொடங்கிய அந்தப் பாதை போய் நின்ற இடம், ஆற்காட்டுக்கான ஸ்டேஷனாக அமைந்த இதே வாலாஜா ரோடு. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது.

ரயில் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1855 அக்டோபரில்தான் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்திய கம்பெனி அந்தப் பதவியையே ஒழித்தது. நவாப் போன கையோடு நவாபின் ஊருக்கு ரயில் வந்துவிட்டது! பிற்பாடு அந்தப் பரம்பரைக்கு ‘ஆற்காடு இளவரசர்’ என்ற பட்டம் தரப்பட்டது. அவர்கள் வசிப்பது சென்னை ராயப்பேட்டை அமீர் மஹாலில். பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்விக்கு பதில் இதுதான்.

டெல்லி கேட்: கஞ்சி குடித்தவர்களின் கதை

வாலாஜா ரோட்டில் இருந்து ராணிப்பேட்டை வழியாக ஆற்காடு போகவேண்டும். பஸ்ஸும் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஆற்காடு. இங்கே பெரிய அரண்மனையைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நவாபுகளின் தலைநகரத்துக் கோட்டையில் இன்று கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருப்பது ஒரு வாசல்தான். பெயர் டெல்லி கேட். மிச்சக் கோட்டையை 1780-களில் நடந்த மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தான் இடித்துவிட்டார்.

வாசல் சின்னது. ஆனால் அதைச் சுற்றி நடந்தது சின்ன விஷயம் அல்ல. 1751-ல் ஆற்காட்டு நவாப் யார் என்பதில் சண்டை. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆதரித்த சந்தா சாகிப். இன்னொரு பக்கம் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி. முகமது அலி திருச்சியில் சிக்கிக்கொண்டிருந்தார். எதிரியின் கவனத்தைத் திருப்ப ஆற்காட்டைப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னவர், கம்பெனியில் கணக்கெழுதும் குமாஸ்தாவாக வந்து சிப்பாயாக மாறிய ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை.

அவரோடு போனவர்கள் சுமார் 200 ஐரோப்பியர்கள், 300 இந்தியச் சிப்பாய்கள். கோட்டை சண்டையில்லாமல் கைக்கு வந்தது. பிறகுதான் வினை. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் பெரும்படையோடு வந்து வளைத்துக்கொண்டார். முற்றுகை 50 நாள் நீடித்தது. கடைசித் தாக்குதலில் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்ட விட்டார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் மிரண்டு, ஓட்டி வந்த படையையே மிதித்தன. முற்றுகை முறிந்தது. இந்தியாவில் ஆங்கிலேயரின் ராணுவப் பெயர் இங்கிருந்துதான் ஏறத் தொடங்கியது. பிறகு நவாபாக நிலைத்த முகமது அலியின் ‘வாலாஜா’ என்ற பட்டம்தான் வாலாஜாபேட்டையிலும் ஸ்டேஷன் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது.

இங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை கிளைவுடையது மட்டும் அல்ல. முற்றுகையில் அரிசி தீர்ந்துகொண்டே வந்தபோது, இந்தியச் சிப்பாய்கள் கிளைவிடம் போய், “சோறு வெள்ளைக்காரர்களுக்கு இருக்கட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்” என்று சொன்னதாக ஆங்கிலேயர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மெக்காலே இதைச் சிப்பாய்களின் விசுவாசத்துக்குச் சான்றாகப் புகழ்ந்தார். அது அப்படியே நடந்ததா, பிறகு மெருகேற்றப்பட்டதா என்று வாதிடலாம். ஆனால் ஒன்று நிச்சயம். டெல்லி கேட்டின் மேலே இருக்கும் அறையை ‘கிளைவ் அறை’ என்று காட்டுவார்கள். கஞ்சி குடித்ததாகச் சொல்லப்படும் அந்த 300 பேரில் ஒருவர் பெயரைக்கூட அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். கிளம்பும் முன் ஒரு டப்பா ஆற்காடு மக்கன் பேடாவையும் வாங்கிக்கொள்ளலாம்.

25 கிலோமீட்டர் சாலை

ஆற்காட்டில் இருந்து வேலூருக்கு மேல்விஷாரம் வழியாக சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இது தோல் தொழிலின் ஊர்ப் பக்கம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. உலகத்தின் பல நாட்டுக் கால்களுக்கு இங்கிருந்துதான் செருப்பு போகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதுதான் சம்பளம். அதற்கான விலையைப் பாலாறு கொடுத்தது. தோல் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதற்காக நடந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லா மாணவர்களும் இன்றும் படிக்கிறார்கள்.

இதே சாலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1806 ஜூலை 10 காலை, ராணிப்பேட்டை முகாமில் இருந்த கர்னல் ராலோ கில்லெஸ்பி என்ற குதிரைப்படை அதிகாரி, வேலூரில் இருந்து வந்த ஒரு செய்தியைக் கேட்டதும் கையில் கிடைத்த வீரர்களோடு வேலூரை நோக்கிப் பறந்தார். அங்கே கம்பெனியின் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்திருந்தார்கள்!

வேலூர்க் கோட்டை: ஒரு நாள் புரட்சி

அகழியில் தண்ணீர், அதன் மேல் எழும்பும் கருங்கல் மதில், நடுவில் கோபுரம். வேலூர்க் கோட்டை முதல் பார்வையிலேயே ஆளை நிறுத்திவிடும். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் இருந்த நாயக்கர்கள் கட்டியது. பரப்பளவு சுமார் 133 ஏக்கர். அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்ததாகச் சொல்வார்கள்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்ட பிறகு, அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்கள் அப்படி வந்தவை.

1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புது உத்தரவு வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது. தாடியை மழிக்கவேண்டும். மீசையை ஒரே மாதிரி வெட்டவேண்டும். தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகை அணியவேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஓர் அலங்காரம் வேறு. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கொதித்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது.

ஜூலை 10 விடியற்காலை, ஊர் தூங்கும் நேரத்தில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். கொடிமரத்தில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. பொழுது விடிந்தபோது கோட்டை சிப்பாய்களின் கையில் இருந்தது.

காலையிலேயே கில்லெஸ்பி வந்து சேர்ந்தார். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மஹாலுக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் பல நூறு பேர்.

தோற்ற புரட்சிதான். ஆனாலும் கம்பெனி ஆடிப்போனது. தலைப்பாகை உத்தரவு ரத்தானது. சென்னை கவர்னர் வில்லியம் பென்டிங்க்கும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. இவ்வளவும் நடந்தது, பாடப்புத்தகங்களில் பெரிதாக வரும் 1857 புரட்சிக்கு 51 ஆண்டுகள் முன்பு.

கல்லில் இல்லாத பெயர்கள்

ஆற்காட்டில் 1751. வேலூரில் 1806. நடுவில் 55 ஆண்டுகள். அதாவது தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள இடைவெளி. தாத்தா காலத்தில் கஞ்சியைக் குடித்துக் கம்பெனியைக் காப்பாற்றிய அதே வகைச் சிப்பாய்கள், பேரன் காலத்தில் ஏன் துப்பாக்கியைத் திருப்பினார்கள்? இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி எழும். வேலூரை மட்டும் பார்த்தால் தலைப்பாகைச் சண்டையாகத் தெரியும். ஆற்காட்டையும் பார்த்துவிட்டு வந்தால், உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களின் மானத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பது புரியும்.

கோட்டைக்கு அருகே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அன்று இறந்த ஆங்கிலேயருக்கு நினைவிடம் உண்டு. சிப்பாய்களுக்கு, மக்கான் சந்திப்பில் பிற்காலத்தில் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. 2006-ல், 200-வது ஆண்டில், தபால்தலையும் வெளியானது. ஆனால் சுவரோரம் நின்றவர்களில் பெரும்பாலானோருக்குத் தனிக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. அகழிப் பக்கம் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும். எப்போதும் கைடு கிடைப்பார் என்று சொல்லமுடியாது. வீட்டில் ஒருவர் முந்தின நாள் ராத்திரி கொஞ்சம் படித்துவிட்டு வந்தால், அவரே அன்றைய கைடு. தாத்தா, பாட்டி என்றால் இன்னும் விசேஷம்.

மாலையில் ஜலகண்டேஸ்வரர்

கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. மதியம் நடை சாத்தியிருக்கும். உள்ளே நுழைந்ததும் இருக்கும் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களும் குதிரைத் தூண்களும் நேரத்தை விழுங்கிவிடும். இதை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஒரு திட்டம் இருந்ததாகவும், நல்லவேளையாக அது நடக்கவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள்.

போர்களால் மூலவர் இல்லாமல் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981 மார்ச்சில்தான் இங்கே வந்து சேர்ந்தது. இன்று மாலை நேரத்தில் விளக்கும் கூட்டமுமாக இருப்பதைப் பார்த்தால் நம்பமுடியாது.

நேரம் மிச்சம் இருந்தால், பாலாற்றங்கரையில் முத்துமண்டபம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் இந்தக் கோட்டையில் ஆங்கிலேயரின் கைதியாக இருந்து 1832-ல் இறந்தார். அவர் சமாதி அங்கே இருக்கிறது.

இருட்டிய பிறகு காட்பாடியில் ஏறும் ரயில் திருவலத்தில் பொன்னையாற்றைக் கடந்து, வாலாஜா ரோட்டில் நிற்காமல்கூடப் போகலாம். பெயர்ப் பலகை ஒரு நொடி மின்னி மறையும். காலையில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள், இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன்...

* எல்லா எக்ஸ்பிரஸ் ரயிலும் வாலாஜா ரோட்டில் நிற்பதில்லை. முதலிலேயே பார்த்துக்கொள்ளவும். நிற்காத ரயில் என்றால் காட்பாடியில் இறங்கி, வேலூரை முதலிலும் ஆற்காட்டை அடுத்தும் பார்க்கலாம்.
* கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மஹால்களுக்குள் எப்போதும் அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம்.
* வேலூர் வெயில் பெயர் போனது. தொப்பி, தண்ணீர் அவசியம். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்கலாம்.
* மதியச் சாப்பாட்டுக்கு சீரக சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இந்தப் பக்கத்து ஜோடி. சைவக்காரர்களுக்கும் அந்தக் கத்தரிக்காய் கைகொடுக்கும்.
* ஜூலையில் போனால் கூடுதல் பொருத்தம். தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது ஜூலை 1. வேலூர்ப் புரட்சி ஜூலை 10.