ஆர்மை மாற்றினால் பொறுப்பும் மாறும்

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், மஹிந்திரா தார் போன்ற வண்டிகளை வாங்கியவர்களில் பலர், டெலிவரி எடுத்த கையோடு அதை இரண்டு அங்குலமாவது உயர்த்திவிடத் துடிக்கிறார்கள். லிஃப்ட் கிட் போட்டதும் அடுத்து வரும் பரிந்துரை, முன்பக்க மேல் ஆர்ம்களையும் மாற்றிவிடுங்கள் என்பது. மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் விலையோடு சட்டத்தையும் காப்பீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

இந்த வண்டிகளின் முன்பக்கம் டபுள் விஷ்போன் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் ஆர்ம்களின் சாய்வு கூடும். மேல் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லையை நெருங்கும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கலாம். காஸ்டர் கோணம் குறைவதால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரத் தயங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி அலையும். இவற்றைச் சரிக்கட்டவே வேறு கோணத்தில் செய்த ஆர்ம்கள் விற்கப்படுகின்றன. உயரத்தைக் கூட்டாத வண்டிக்குப் பெரும்பாலும் இவை தேவையே இல்லை.

எங்கே ஆபத்து?

பால் ஜாயின்ட் கழன்றாலோ வெல்டிங் விட்டாலோ, சக்கரம் சாய்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டிய ஆர்மை மலிவு என்று வாங்குவது உயிரோடு விளையாடுவது. யூனிபால் வகை மூட்டு நன்றாக அசையும். ஆனால் மூடியில்லாத வகையில் சேறும் மழைநீரும் புகுந்து சீக்கிரம் தேயும். ரப்பர் புஷ் உள்ள ஆர்மை, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கினால் புஷ் திருகிக் கிழியும். ஏ.பி.எஸ். ஒயரும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஆர்மை மாற்றினாலும் உயர்த்திய வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்கிவிடாது. வளைவில் கவிழும் வாய்ப்பு அப்படியே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஆர்முக்குப் பதில் அதே அளவில் புதியது போடுவது பழுதுபார்ப்பு. வண்டியின் உயரத்தையே மாற்றும் கிட்டோடு சேர்த்துப் போடுவது வேறு. சந்தேகம் இருந்தால் வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியும் காப்பீடும்

வெளிப் பாகம் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது என்று அமெரிக்க வீடியோக்களில் சொல்வார்கள். அது அங்குள்ள 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டத்தின் பாதுகாப்பு. இங்கே உங்கள் வாரண்டி கையேட்டில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 87-ஆம் பிரிவும் கவனிக்க வேண்டியது: கேடு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், அதை விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. வண்டியில் கைவைத்தால், விற்றவரிடம் கேட்கும் உரிமையிலும் கைவைக்கிறீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஒப்புதல் குறிப்புப் பெறுங்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால்

• உங்கள் மாடலுக்கும் உயர்த்திய அளவுக்கும் பொருந்தும் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.
• ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.
• பொருத்தும் கூலிக்குத் தனி ரசீது கேளுங்கள். யார் வேலையில் குறை என்ற கேள்வி வரும்போது அதுதான் சாட்சி.
• வீல் அலைன்மென்ட் செய்து, காஸ்டர், கேம்பர் அளவுகள் அச்சிட்ட தாளை வாங்கி வையுங்கள். ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிபாருங்கள்.
• சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.
• ஆர்மைத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள்; அதை விற்றவரும் கைகழுவ அது வழிவிடும்.
• கழற்றிய பழைய ஆர்ம்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

குறை வந்தால்?

முறிந்த பாகத்தைத் தூக்கி எறியாமல், படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். விற்றவருக்கும் பொருத்தியவருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வேறு மாநிலத்திலிருந்து ஆன்லைனில் வாங்கிய பாகமானாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரை செலுத்தி வாங்கிய பொருள் அல்லது சேவை குறித்த வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவிலும், பிறகு கட்டணமில்லாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படுவது பில்லும் ரசீதும்தான். அவற்றைத் தர மறுக்கும் கடையில் ஆர்ம் வாங்காதீர்கள்.