அடியும் காலும்

மேலிருந்து விடப்பட்ட பொருள் நிலத்தை நோக்கி விழும் என்பதைச் சிறுவரும் அறிவர். விழுங்கால் அதன் வேகம் கணந்தோறும் வளர்கின்றது என்பதையும், அவ்வளர்ச்சி ஒரு நியதிக்கு உட்பட்டது என்பதையும் சோதனைகளால் ஆராய்ந்து காட்டியவர் இத்தாலிய தேசத்துப் பேரறிஞராகிய கலிலியோ (1564–1642) ஆவர். ஒரு விநாடியில் வேகம் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவே முடுக்கம் எனப்படும். இதனை ஆங்கில அளவை முறையினர் அடிக் கணக்கிலும், மெட்ரிக் முறையினர் மீட்டர், சென்டிமீட்டர்க் கணக்கிலும் கூறுவர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பெருக்கல் அறிந்தார்க்கு எளிய செயலே. ஆயினும், மிகச் சிறிய அலகுகளுக்கு மாற்றுங்கால் எளிமையே ஏமாற்றமாய் முடிதல் உண்டு. அஃது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பூமியின் ஈர்ப்பை நுட்பமாக அளப்போர் தமக்கென ஓர் அலகைக் கையாளுகின்றனர். ஒவ்வொரு விநாடியிலும் ஒரு பொருளின் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் மிகுமாயின், அம்முடுக்கம் ஒரு ‘கால்’ எனப்படும். இது நான்கில் ஒரு பங்காகிய கால் அன்று. நாம் நடக்கும் காலும் அன்று. கலிலியோவின் பெயரைச் சுருக்கி, அவர் நினைவாக இட்ட பெயரே இது. இதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகால். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோகால்.

இனி, மாற்றும் முறையைக் காண்போம். ஓரடி என்பது சரியாக 30.48 சென்டிமீட்டர் என்று அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகள் 1959-ஆம் ஆண்டில் உடன்பட்டன. விநாடியோ இரு முறைக்கும் பொது. முடுக்கத்தில் விநாடி இருமுறை வருதல் பற்றி 30.48-ஐயும் வர்க்கம் செய்தல் பிழையாகும். நீளம் ஒருமுறையே வருகின்றதாதலின் ஒருமுறை பெருக்கினாற் போதும். ஆகவே, விநாடியின் வர்க்கத்துக்கு ஓரடி என்னும் முடுக்கம்:

30.48 கால்;
30,480 மில்லிகால்;
3,04,80,000 மைக்ரோகால்.

இத்துணைச் சிறிய அலகுகள் எற்றுக்கு எனின், கூறுதும். பூமியின் ஈர்ப்பு முடுக்கம் எங்கும் ஒன்றாய் இராது. கடல் மட்டத்தில், பூமத்திய ரேகையில் ஏறக்குறைய 978.03 கால், துருவங்களில் 983.22 கால். அடிக் கணக்கில் இவை முறையே 32.09, 32.26 ஆகும். உலகம் முழுவதிலும் காணும் இப்பெரு வேறுபாடு, அடிக் கணக்கில் 0.17 என ஒடுங்கிவிடுகின்றது. மில்லிகாலிலோ 5,190 என விரிகின்றது. கருவியை மூன்றடி உயரமுள்ள மேசையின்மேல் எடுத்து வைப்பினும் ஈர்ப்பு ஏறக்குறைய 0.28 மில்லிகால் குறையும். அதனை அடியிற் கூறின் 0.000009 என எழுதுதல் வேண்டும்.

பள்ளிப் பாடங்களில் ஈர்ப்பு முடுக்கத்தை 32 அடி எனக் கொள்வது வழக்கம். அதனைப் பெருக்கினால் 975.36 கால் வரும். இது கடல் மட்டத்தில் பூமியின் எவ்விடத்தும் காணக் கிடையாத அளவு! திட்டமான அளவென 1901-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது 980.665 கால். இதனை 32.2 அடி எனக் கொண்டு மீண்டும் மாற்றின் 791 மில்லிகால் பிழை நேரும், 32.174 எனக் கொள்ளினும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகால் பிழை நிற்கும், 32.17405 எனக் கொண்டால்தான் பிழை ஒரு மில்லிகாலின் சிறு பங்காக அடங்கும். எனவே, மில்லிகால் வரை நுட்பம் வேண்டுவோர் அடிக் கணக்கில் ஐந்து தசம ஸ்தானங்களையும், மைக்ரோகால் வரை வேண்டுவோர் எட்டு ஸ்தானங்களையும் காத்தல் வேண்டும்.

இந்நுட்பம் வீண் ஆடம்பரமன்று. இந்திய நில அளவைத் துறையைச் சார்ந்த பாஸெவி என்பார், 1865 முதல் இந்நாட்டில் பல இடங்களில் ஊசலைக் கொண்டு ஈர்ப்பை அளந்துவந்தார். 1871-இல் லடாக்கில், 15,000 அடிக்கும் மேற்பட்ட மோரே என்னும் சமவெளியில் கடுங்குளிரிடையே அளந்தார். அவ்வாண்டிலேயே, அப்பணியிலிருக்கும்போதே உயிர் துறந்தார். 15,000 அடி உயர்வால் மட்டும் குறையும் ஈர்ப்பு 1,400 மில்லிகால் அளவினது. அடிக் கணக்கில் 0.046 மட்டுமே. ஒரு தசம ஸ்தானத்தோடு நிறுத்துவார் கணக்கில் இஃது இருந்த சுவடே தெரியாது. இத்தகைய சிறு வேறுபாடுகளை ஆய்ந்ததனாலன்றோ, மலையின் திரளை நோக்க அங்கே ஈர்ப்பு குறைவு என்பதும், இமயத்தின் அடியில் எடை குறைந்த பொருள் உள்ளது என்னும் கொள்கை வலியுறுவதும் இயன்றன.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அமெரிக்க நில அளவையார் 2022 முடியும் வரை வேறோர் அடியையும் வழங்கிவந்தனர். அது மீட்டரை 3937 பங்காக்கி 1200 பங்கு கொண்டது. இரண்டு அடிகளுக்கும் உள்ள வேற்றுமை பத்து லட்சத்தில் இரண்டு பங்கே. ஆயினும், ஈர்ப்பு முழுவதையும் மாற்றுங்கால் ஓரடிக்கு மற்றோரடியைக் கொண்டால் இரண்டு மில்லிகால் பிழை புகும். இது கருவியை இருபத்தோரடி உயர்த்தியதற்கு ஒப்பாகும். ஈரிடங்களின் வேறுபாட்டை மட்டும் மாற்றுவோர்க்கு இத்தொல்லை இல்லை. சிறு எண்ணின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு புறக்கணிக்கத் தக்கதே.

ஆதலின், மாணவர்கள் 30.48 என்னும் எண்ணை மனப்பாடம் செய்தலோடு அமைதல் கூடாது. மாற்றுதற்கு எடுத்துக்கொண்ட அளவு எத்தனை ஸ்தானம் வரை உண்மையானது, எந்த அடியால் அளக்கப்பட்டது என்னும் இரண்டையும் முதற்கண் வினவுதல் வேண்டும். அளந்தவன் காணாத நுட்பத்தைப் பெருக்கல் படைத்துத் தராது; அளந்தவன் அரிதிற் கண்ட நுட்பத்தையோ கவனமற்ற பெருக்கல் ஒரு நொடியில் அழித்துவிடும்.