பேலன்ஸ் ஷீட் படித்த ஃபிட்டர்

1958இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் தோன்றியது. கல்வி அதிகாரிகள் சில தொழிலாளர்களைப் பயிற்றுவிப்பார்கள். அவர்கள் 'தொழிலாளர் ஆசிரியர்' ஆகி, ஆலைக்குத் திரும்பிச் சக தொழிலாளர்களுக்கு வகுப்பெடுப்பார்கள். 1984இல் பம்பாயில் அப்படிப் பயின்றவன் நான். தலைவர் என்றால் மேடையில் முழங்குபவர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அங்கே கையில் கொடுத்ததோ பேலன்ஸ் ஷீட்!

அன்றைய போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. இடைப்பட்டதைத் தீர்மானிப்பது லாபக் கணக்கு. "லாபம் போதாது, 8.33தான்" என்று நிர்வாகம் கைவிரித்த வருடம், என் வகுப்பில் படித்த ஃபிட்டர் ஒருவர் எழுந்து, "கழிச்சிருக்கிற நன்கொடையில வருமான வரிக்காரங்க ஒத்துக்காத பகுதியைத் திரும்பச் சேர்க்கணுமே சார்?" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அவ்வருடம் 11 சதவீதம் வாங்கினோம்.