தூரத்துப் பறவையும் தகுந்த தொலைநோக்கியும்

மாரி மழை பெய்து ஓய்ந்து கடனீரேரிகள் நிறைந்தபின், யாழ்ப்பாணக் குடாநாட்டை நாடித் தூரதேசப் பறவைகள் வருகின்றன. மண்டைதீவுக் கரையிலும், அரியாலை, சரசாலைச் சதுப்புகளிலும், சுண்டிக்குளத்திலும் கூடும் பறவைகளுள் மக்கள் மனத்தைப் பெரிதும் கவர்வது பூநாரை. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகவும், 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. போர்க்காலத்தில் மக்கள் அணுக இயலாதிருந்த கரைகள் பலவற்றை 2009இன் பின் மாணவரும் சென்று காண முடிகின்றது.

ஆனால், பூநாரை மனிதரை அண்டவிடாத பறவை. ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாக அமிழ்த்திச் சேற்றுநீரை வடித்து இரை தேடும் அது, ஒருவர் நெருங்கினால் கூட்டத்தோடு எழுந்து பறந்துவிடும். எழும் ஒவ்வொரு முறையும் அதன் இரைநேரம் குறைகிறது, உடற்பலமும் வீணாகிறது. ஆகவே, பறவையைக் காண விரும்புவோர் காலை நிறுத்திக் கண்ணை மட்டும் அனுப்பவேண்டும். அதற்குத் துணையாவது தொலைநோக்கி.

இரு கண்களாலும் பார்க்கும் தொலைநோக்கியின் மேல் 8×42 என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது எண் உருப்பெருக்கம். 800 மீற்றர் தூரத்திலுள்ள பறவை, 100 மீற்றரில் நிற்பதுபோலத் தோன்றும் என்பது அதன் பொருள். இரண்டாவது எண், முன்புற வில்லையின் விட்டம் 42 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இங்கு அது ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். விடியலிலும் அந்தியிலும் கண்மணி விரியும்போது இவ்வகலம் பெரிதும் பயன்படும்.

பெருக்கம் கூடினாற் காட்சியும் சிறக்கும் என்று எண்ணுவது பலர் செய்யும் தவறு. பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெருகும், காட்சிப்பரப்புச் சுருங்கும், ஒளியும் மங்கும். இவற்றினும் பெரிய தடை கானல். வெயிலேறியதும் சேற்றுநிலத்தின்மேல் சூடேறிய காற்று அலையலையாய் நெளியும். தொலைநோக்கி பறவையைப் பெருக்குவதுபோல அந்நெளிவையும் பெருக்கிக் காட்டும். துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தி, 1,000 யார் தூரத்து இலக்கைச் சுடும் போட்டியாளரும் இதனை நன்கு அறிவர். கானல் மிகும்போது அவர்கள் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்வர். கானல் சாயும் திசையைக்கொண்டு காற்றின் போக்கையும் கணிப்பர். பறவை காண்போருக்கோ எளிய வழி உண்டு: காலை வேளையிலேயே கரைக்குச் செல்லுதல்.

கையிற் பிடித்துப் பார்க்க 8 மடங்கு போதும். 10 மடங்குக்கு மேற்பட்டால் முக்காலி வேண்டும். பாடசாலைக்கோ சங்கத்துக்கோ வாங்குவதானால், 20 மடங்கு பெருக்கும் ஒற்றைத் தொலைநோக்கியொன்றை முக்காலியில் நிறுத்தலாம். 800 மீற்றரில் நிற்கும் பூநாரை அப்பொழுது 40 மீற்றரில் நிற்பதுபோலாகும். இளஞ்சிவப்பு அலகின் கருநுனியையும் மாணவர் வரிசையில் நின்று தெளிவாகக் காண்பர்.

வாங்குமுன் சில சோதனைகள் அவசியம். முன்வில்லையில் மின்விளக்கின் தெறிப்பைப் பார்க்கவேண்டும். அது வெண்மையாய்ப் பளிச்சிட்டால் மேற்பூச்சு இல்லை. பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தோன்றினால் பூச்சு உண்டு. பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கையில் மூன்றிலொரு பங்கு ஒளி போய்விடும். தூரத்துப் பனை வட்டொன்றை நோக்கினால் அது இரண்டாகத் தோன்றலாகாது. தோன்றினால் உள்ளிருக்கும் அரியங்கள் நிலைபெயர்ந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணுக்கும் பார்வைத் துண்டுக்கும் இடையே 15 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி தரும் கருவியையே கொள்ளவேண்டும். உப்புக்காற்று வீசும் நமது கரைகளுக்கு நீர்புகாதவாறு அடைக்கப்பட்ட கருவியே உகந்தது. தூசியை ஊதி அகற்றிய பின்னரே மென்துணியால் வில்லையைத் துடைக்கவேண்டும்.

எந்நிலையிலும் தொலைநோக்கியைச் சூரியன்பக்கம் திருப்பலாகாது. ஒரு கணமே பார்வையைப் போக்கிவிடும். படைமுகாம்கள் அமைந்த கரைகளில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பார்ப்பது நலம்.

விலை கூடிய கருவியை வைத்துக்கொண்டு பறவையைத் துரத்துபவர் வெறும் வானத்தையே காண்பார். 8 மடங்குக் கருவியோடு கரையில் அமைதியாய் அமர்ந்திருப்பவர், பூநாரை அச்சமின்றி மேய்வதைக் காண்பார். அடுத்த ஆண்டும் அது அதே நீருக்கு வருவதற்கு அவருடைய அமைதியும் ஒரு துணையாகும்.